சங்கம் என்பது முதலாளியின் சம்பளமில்லாத ஹெச்.ஆர். தானா?

கேள்வி, 8 அக்டோபர் 2024

காஞ்சிபுரம் பக்கம் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, ஒரு மாதமாகப் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நேற்று அமைச்சர்கள் வந்து ‘ஒப்பந்தம் ஆகிவிட்டது’ என்று அறிவித்துவிட்டார்கள். இதற்குப் பிறகும் சங்கம், சங்கம் என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் நானும் ரொம்ப வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். சங்கம் என்பது முதலாளி சம்பளம் கொடுக்காமல் வைத்திருக்கும் ஹெச்.ஆர். டிபார்ட்மென்ட். தொழிலாளி கொதித்தால் ஆற வைக்கும், கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும், சந்தாவும் வாங்கிக்கொள்ளும். பொதுவுடைமை பேசுகிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

பதில், 8 அக்டோபர் 2024, இரவு

நேற்று கையெழுத்துப் போட்டது சங்கம் இல்லை. அதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் பேச்சே குழம்பிவிடும். சாம்சங் நிர்வாகம் ஒப்பந்தம் போட்டது ‘தொழிலாளர் குழு’ என்ற ஒன்றோடு. மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை, அதுவும் வருகிற மார்ச் வரைக்கும்தான். செப்டம்பர் 9-லிருந்து வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் சம்பளத்தோடு சேர்த்துக் கேட்பது, நாங்கள் வைத்த சங்கத்தோடு பேசு என்பது. மார்க்சிஸ்ட் கட்சியின் தொழிற்சங்க அமைப்பான சி.ஐ.டி.யு.வைச் சார்ந்த அந்தச் சங்கம் இந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை.

மீதி நாளைக்கு. காலை ஷிப்ட்.

9 அக்டோபர் 2024

உங்கள் கிண்டலில் பாதி எனக்கும் உடன்பாடுதான். முதலில் மறுபாதி. சங்கம் நிஜமாகவே சம்பளமில்லாத ஹெச்.ஆர். என்றால் அது உள்ளே வராமல் தடுக்க ஒரு கம்பெனி ஏன் ஒரு மாத உற்பத்தியை விட்டுக்கொடுக்கிறது? டி.வி., ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் பண்டிகைக்கு முன்னால்தான் விற்கும். அந்த நேரத்தில் லைன் தடுமாறுவதைப் பொறுத்துக்கொள்கிறார்கள், சங்கத்தைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 2007-லிருந்து சங்கமே இல்லாமல் ஓடிய ஆலை அது. இலவசமாகக் கிடைக்கிற ஹெச்.ஆரை யாராவது வேண்டாம் என்பார்களா?

இனி உடன்படுகிற பாதி. நான் ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப்பில், அதாவது தகட்டை மெஷினில் அழுத்தி வடிவம் கொடுக்கிற பிரிவில் இருக்கிறேன். கமிட்டியிலும் இருந்திருக்கிறேன். எங்கள் சம்பள ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு ஒன்று. போன ஒப்பந்தத்தைப் பொதுக்குழுவில் வாசித்தது ஒரு கல்யாண மண்டபத்தில். முதல் பக்கத்தில் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, அலவன்ஸ். வாசித்து முடிப்பதற்குள் கைதட்டல். பிரியாணி வேறு தயாராக இருந்தது. நான்காம் பக்கத்தில் இரண்டு வரி: உற்பத்தித் திறனை உயர்த்த நிர்வாகம் எடுக்கும் நடவடிக்கைகளுக்குச் சங்கம் முழு ஒத்துழைப்புத் தரும், ஆட்களை எந்த லைனுக்கும் மாற்றிக்கொள்ள நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. அதற்கு யாரும் கைதட்டவும் இல்லை, கேள்வி கேட்கவும் இல்லை.

அந்த இரண்டு வரி ஷாப் ஃப்ளோருக்கு வரும்போது என்ன ஆகும்? ஸ்டாப் வாட்ச்சோடு ஒருவர் வந்து நிற்பார். ஒரு பாகம் செய்யக் கொடுக்கிற நேரம் (சைக்கிள் டைம்) குறையும், டார்கெட் ஏறும். பிரஸ்ஸில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் ஸ்ட்ரோக் விழ வேண்டும். கை உள்ளே மாட்டாமல் இருப்பதற்குத்தான் அந்த ஏற்பாடு. டார்கெட் துரத்தினால் ஒரு பட்டனில் எதையாவது செருகி, அழுத்தினபடியே வைத்துவிட்டு, சும்மா இருக்கிற கையால் ஷீட்டைத் தள்ளுவார்கள். சூப்பர்வைசர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார். விரல் போனால் மட்டும் ‘பாதுகாப்பு விதியை மீறினார்’ என்று ரிப்போர்ட் எழுதுவார்கள். அந்த மெஷினில் நிற்பவர் பெரும்பாலும் காண்ட்ராக்ட் ஆள். நீலச் சட்டை நாங்கள், சாம்பல் சட்டை அவர்கள். செட்டில்மென்ட்டில் அவருக்கு ஒரு பைசா கிடையாது. எங்கள் சம்பள உயர்வுக்கு நாங்கள் ஒப்புக்கொண்ட வேகம் அவர் கையில்தான் போய் விழுந்தது.

தலைவர் விலைபோய்விட்டார் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாகிவிடும். எங்கள் தலைவர் விலைபோகவில்லை, நல்ல மனிதர். சங்கம் விலை பேசுகிறது. யார் தொழிலாளி, யார் இல்லை என்பதைத் தீர்மானிக்கிற அதிகாரத்தை மட்டும் முதலாளியிடமே விட்டுவிட்டது. என் குறை அதில்தான்.

10 அக்டோபர் 2024

பந்தலைப் போலீஸ் பிரித்துவிட்டது. சங்க நிர்வாகிகளில் சிலரை ராத்திரியோடு ராத்திரியாக வீட்டிலிருந்தே பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

‘பேச்சுவார்த்தை’ என்றால் மேஜையின் இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவர்கள், நடுவில் அரசு என்று மனதில் ஒரு படம் இருக்கிறது. நடுவில் இருப்பவர்தான் லத்தியும் வைத்திருக்கிறார்.

10 அக்டோபர் 2024, மறுபடியும்

‘வெளி ஆட்கள் வந்து தூண்டிவிடுகிறார்கள்’ என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். இந்தப் புகாருக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிவிட்டது, ஐயா. அதுவும் நம்ம பெரம்பூரில் பிறந்த புகார்.

1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்னாடிக் மில் தொழிலாளர்கள். ஆரம்ப வேலை பார்த்தவர்கள் செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு. பெரம்பூரில் பக்திச் சொற்பொழிவு நடத்திக்கொண்டிருந்த சபைதான் அவர்களுக்கு மேடை. தலைவராக வந்தவர் பி.பி. வாடியா, அன்னி பெசன்ட் அம்மையாரின் ஆள். திரு.வி.க. கூடவே நின்றார். 1920-ல் தகராறு முற்றியபோது பின்னி கம்பெனி வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. சங்கம் நடத்துவது என்றால், தொழிலாளியை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டுவது என்று அர்த்தமாம். கடைசியில் சமரசம். வாடியா சங்கத்தை விட்டு விலக வேண்டும், கம்பெனி வழக்கைக் கைவிடும். விலகினார்.

இந்த வழக்கு கிளப்பிய பேச்சில்தான் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார், 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. சங்கம் வைத்தால் சதி வழக்கு கிடையாது, நஷ்ட ஈட்டு வழக்கு கிடையாது என்ற பாதுகாப்பு அதில் இருக்கிறது. ஆனால் முதலாளி சங்கத்தோடு பேசியே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. 1947-ல் கட்டாய அங்கீகாரத்துக்கு ஒரு திருத்தம் நிறைவேறியது, அமலுக்கு வரவே இல்லை. மகாராஷ்டிரத்தில் 1971-ல் தனிச் சட்டம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அதுவும் கிடையாது. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டதும் அந்த விட்டுப்போன பாதியைத்தான்.

13 அக்டோபர் 2024

பின்னி மில் கதையை அரைகுறையாக விட்டால் அது புராணமாகிவிடும், அதனால் 1921-ஐயும் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் மறுபடியும் பெரிய வேலைநிறுத்தம், பல மாதம். ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் சேரவில்லை, வேலைக்குப் போனார்கள். ஆதி திராவிடர் தலைவர் எம்.சி. ராஜா அவர்களைச் சேர வேண்டாம் என்றார். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, சேரிக் குடிசைகள் எரிந்தன, போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அக்டோபரில் தொழிலாளர்கள் தோற்றுத் திரும்பினார்கள்.

நம்ம ஆட்கள் மேடையில் இதை ‘முதலாளி சாதியை வைத்துப் பிரித்தான்’ என்று ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். பிரித்தான்தான். பிளவு ஏற்கெனவே இருந்தது, அவன் காசு செலவழிக்காமல் எடுத்துக்கொண்டான். தெருவில், கிணற்றில் ஒதுக்கி வைத்தவர்களிடம் கேட் வாசலில் மட்டும் ‘தோழரே வாருங்கள்’ என்றால் அவர்கள் ஏன் வர வேண்டும்? கையில் சேமிப்பு இல்லாதவனுக்கு ஒரு மாத வேலைநிறுத்தமே பட்டினி. அவன் பட்டினிக்குச் சங்கம் என்ன ஏற்பாடு செய்தது என்று கேட்காமல் ‘கருங்காலி’ என்று திட்டுவது சுலபம்.

சாம்பல் சட்டை விஷயம் எனக்கு இங்கேதான் உறைக்கிறது. அன்றைக்குச் சாதி, இன்றைக்குக் காண்ட்ராக்ட். எங்கள் பக்கம் இரண்டும் பல நேரம் ஒரே ஆளாக வந்து நிற்கிறது. காலனிகளுக்கு வருகிற வேன்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

14 அக்டோபர் 2024

‘நோக்கியாவைச் சங்கம்தான் விரட்டியது’ என்று எழுதிய நண்பருக்கு: விரட்டவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலை 2014 நவம்பர் 1-ல் மூடப்பட்டது. பெரிய வருமான வரி வழக்கு, ஆலைச் சொத்து முடக்கம். அதனால் மைக்ரோசாஃப்ட் செல்போன் தொழிலை வாங்கியபோது இந்த ஆலை அந்தக் கைமாற்றத்தில் சேரவில்லை. அப்புறம் ஆர்டர் நின்றது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள், பாதிக்கு மேல் பெண்கள், விருப்ப ஓய்வு என்ற பெயரில் இருபத்தைந்து வயதில் ரிட்டையர் ஆனார்கள்.

கம்பெனி எங்கே போகும், எப்போது போகும் என்பதில் தொழிலாளிக்கும் சங்கத்துக்கும் ஒரு ஓட்டுக்கூடக் கிடையாது. அரசு நிலம் கொடுக்கலாம், வரி திருப்பிக் கொடுக்கலாம், அதற்கும் ஓட்டுக் கிடையாது. முதலாளியின் பலம் என்று நான் சொல்வது இதைத்தான். வாசலில் நிற்கிற செக்யூரிட்டியையோ ஹெச்.ஆர். மேனேஜரையோ சொல்லவில்லை. ‘போய்விடுவேன்’ என்று சொல்லவே வேண்டாம். சொல்ல முடியும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தால் போதும், மாவட்ட நிர்வாகமே பயந்து வேலை செய்யும்.

17 அக்டோபர் 2024

முடிந்துவிட்டது. 37 நாள். வேலைநிறுத்தம் செய்ததற்காகப் பழிவாங்க மாட்டோம் என்று நிர்வாகம், ஒத்துழைப்போம் என்று தொழிலாளர்கள். கோரிக்கைகளுக்கு எழுத்துபூர்வமாகச் சமரச அதிகாரியிடம் பதில் தருவார்கள். அங்கீகாரம் பற்றி ஒன்றும் இல்லை.

தொடக்கத்தில் கேள்வி கேட்டவர் ‘சொன்னேனே’ என்று ஒற்றை வார்த்தையில் போட்டிருக்கிறார். ரொம்பச் சிக்கனம்.

இதைத் தோல்வி என்று எழுத எனக்குக் கை வரவில்லை, வெற்றி என்று எழுதவும் வரவில்லை. அரசு பக்கத்தில் தி.மு.க., அதன் கூட்டணியில் மார்க்சிஸ்ட் கட்சி, அந்தக் கட்சியின் சங்கம் பந்தலில். இந்த முக்கோணத்துக்குள் வேலைநிறுத்தம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு ஓர் எல்லை இருந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். யாரும் போனில் உத்தரவு போட்டிருக்க வேண்டியதில்லை. அதே நேரம் அந்தச் சங்கம் இல்லாவிட்டால் 37 நாள் யார் சோறு போட்டிருப்பார்கள், யார் ஜாமீன் எடுத்திருப்பார்கள், யார் கோர்ட்டுக்குப் போயிருப்பார்கள்? உண்டியல் குலுக்கினது யார்? ‘சங்கமே வேண்டாம்’ என்கிற தீவிரப் புரட்சிக்காரர்கள் இந்தக் கேள்விக்கு நிற்பதே இல்லை.

3 நவம்பர் 2024

தீபாவளி லீவில் யோசித்தது.

சங்கமே இல்லாமல் தொழிலாளி தானாக எழுந்தால் இன்னும் வேகமாக இருக்குமே என்று கேட்டிருந்தீர்கள். நடந்திருக்கிறது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண்கள். ஹாஸ்டலில் கெட்ட சாப்பாடு, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில். கூட வேலை செய்தவர்கள் இறந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி. ராத்திரியே சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சங்கம் இல்லை, நோட்டீஸ் இல்லை, சமரச அதிகாரி இல்லை. ஐபோன் செய்கிற ஆலை வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது, ஆப்பிளே அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைக்கிறோம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. எந்தச் சங்கமும் இந்தப் பக்கத்தில் ஒரே ராத்திரியில் அவ்வளவு அழுத்தம் கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆனால் அந்தப் பெண்கள் கையில் ஒரு காகிதம் கிடைத்ததா? இல்லை. ஹாஸ்டல் சரிசெய்கிறோம் என்றது கம்பெனி, மேற்பார்வை பார்க்கிறோம் என்றது அரசு. அவர்களோடு யாரும் ஒப்பந்தம் போடவில்லை. ஒப்பந்தம் போட அவர்கள் பக்கம் யாரும் இல்லை. அடுத்த தடவை சாப்பாடு கெட்டால் மறுபடியும் ரோட்டுக்குத்தான் வர வேண்டும், அதற்குள் பாதிப் பேர் வேலையை விட்டுப் போயிருப்பார்கள்.

அதனால் என் கணக்கு இப்படி நிற்கிறது. சங்கம் வேகத்தைக் குறைக்கும், உண்மை. கிடைத்ததைக் காகிதத்தில் நிறுத்தி வைப்பதும் சங்கம்தான்.

4 நவம்பர் 2024

மார்க்ஸ் என்ன சொன்னார் என்று கேட்டிருக்கிறார்கள். நான் வாத்தியார் இல்லை, படித்த அளவுக்குச் சொல்கிறேன். 1865-ல் லண்டனில் முதல் அகிலம் என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பொதுக்குழுவில் ஜான் வெஸ்டன் என்ற தச்சர், சம்பளம் ஏறினால் விலைவாசியும் ஏறிவிடும், ஆகவே சம்பளப் போராட்டமே வீண் என்று வாதாடினார். மார்க்ஸ் அதை மறுத்து இரண்டு கூட்டங்களில் பேசினார். சம்பளத்துக்காகப் போராடித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் தொழிலாளி ஒன்றுக்கும் ஆகாதவனாகிவிடுவான் என்றார். அதோடு நின்றுவிட்டால், விளைவுகளோடு மட்டும் மல்லுக்கட்டி, கூலி என்ற ஏற்பாட்டையே தொடாமல் விட்டால், சங்கம் தோற்கும் என்றும் சேர்த்தே சொன்னார். நம்ம ஊரில் ஒரு பிரிவு முதல் பாதியை மனப்பாடம் செய்திருக்கிறது, இன்னொரு பிரிவு இரண்டாம் பாதியை.

ஜெர்மனியில் இயங்கிய புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க் இன்னும் காரமாகச் சொன்னார். சங்க வேலை சிசிபஸ் வேலை, கல்லை மேலே உருட்ட உருட்ட அது கீழே வரும் என்று. ஜெர்மன் சங்கத் தலைவர்களுக்கு அப்படிக் கோபம். அந்த வேலை தேவையில்லை என்று அம்மையார் சொல்லவில்லை, அதைச் சொன்னாலும் யார் கேட்கிறார்கள்?

25 டிசம்பர் 2024

இன்று கீழ்வெண்மணி நாள். 1968-ல் விவசாயக் கூலித் தொழிலாளர் குடும்பங்களில் நாற்பத்து நான்கு பேரை எரித்துக் கொன்ற நாள்.

இந்த இழைக்குச் சம்பந்தம் இல்லாத மாதிரி தெரியும். கூலி உயர்வு அங்கே ஒரு பக்கம்தான். மிராசுதார்கள் போட்ட நிபந்தனை, செங்கொடியை இறக்கிவிட்டு எங்கள் சங்கத்தில் சேர் என்பது. நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று அவர்களுக்கும் ஒரு சங்கம் இருந்தது, அதை மறக்கக் கூடாது. உச்சநிலைக் கொடுமையை ஃபேக்டரி விவகாரத்தோடு ஒப்பிடவில்லை, ஒப்பிடவும் கூடாது. கொடியை விட்டுவிடு, நான் அமைத்துத் தரும் குழுவில் உட்கார், கொஞ்சம் கூடுதலாகவே தருகிறேன் என்ற பேச்சு மட்டும் எனக்குப் பழகிய பேச்சாக இருக்கிறது. கூலியில் அரைப் படி கூட்டிக் கொடுத்தால் அடுத்த போகத்தில் வேறு வழியில் எடுத்துவிடலாம். கூலியை நிர்ணயிப்பதில் அடுத்தவனுக்குப் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டால் அதைத் திரும்ப வாங்க முடியாது.

29 ஜனவரி 2025

சாம்சங் சங்கம் பதிவாகிவிட்டது, 27-ஆம் தேதி. கோர்ட் வரைக்கும் போய்த்தான். சங்கத்தின் பெயரில் கம்பெனி பெயர் வரக்கூடாது, அது எங்கள் வர்த்தகச் சின்னம் என்று ஆட்சேபம் வேறு. தொழிலாளி சட்டையிலும் அடையாள அட்டையிலும் அதே பெயரைப் போட்டுக்கொண்டு அலையலாம், சங்கத்துக்கு மட்டும் ஆகாது!

பதிவு என்பது சட்டப்படி ஒரு குமாஸ்தா வேலை. மனு, விதிமுறைப் புத்தகம், நிர்வாகிகள் பட்டியல். இந்தப் பட்டியலில்தான் வினை. கொடுத்த மறுநாளே அது நிர்வாகத்தின் மேஜையில் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் எங்கள் சங்கத்தைப் பதிவு செய்தபோது நாங்களும் கொடுத்தோம். பட்டியலில் இருந்தவர்களை வேறு வேறு ஷிப்ட்டுக்கு மாற்றினார்கள். ஒருவரை வட இந்தியாவில் இருக்கிற பிராஞ்சுக்கு மாற்றினார்கள், அங்கே அவர் பார்த்த மெஷினே கிடையாது.

23 பிப்ரவரி 2025

சாம்சங்கில் மூன்று சங்க நிர்வாகிகள் சஸ்பெண்ட், உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள் தொழிலாளர்கள். பதிவு என்றால் முடிந்தது என்று நினைத்தவர்களுக்கு இது.

உள் விசாரணை எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்காக எழுதுகிறேன். குற்றச்சாட்டு கொடுப்பது நிர்வாகம். விசாரணை அதிகாரியாக வருகிற வக்கீலை நியமிப்பது நிர்வாகம், அவருக்கு ஃபீஸ் கொடுப்பதும் நிர்வாகம். சாட்சிகள் நிர்வாகத்தின் ஆட்கள். உதவிக்கு இன்னொரு தொழிலாளியைக் கூட்டிக்கொள்ளலாம், அவர் அடுத்த குற்றப்பத்திரிகைக்குத் தயாராக இருந்தால். விசாரணை முடிந்து டிஸ்மிஸ் ஆனால் தொழிலாளர் நீதிமன்றம் இருக்கிறது. அதற்கு முன்னால் நடக்கிற சமரசத்தில் முதல் வாய்தாவுக்கு நிர்வாகத்திலிருந்து ஒருவரும் வர மாட்டார்கள். இரண்டாவதுக்கு அதிகாரம் இல்லாத ஒரு பையன் வந்து ‘மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்’ என்பான். அதற்குள் வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், ஈ.எம்.ஐ. தீர்ப்பு சாதகமாக வரும்போது பல பேர் ஓலாவோ ஸ்விக்கியோ ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலாளி வழக்கில் ஜெயிக்கவே வேண்டாம், வழக்கு நடந்துகொண்டிருந்தால் போதும். மாதச் சம்பளம் இல்லாமல் வருடக்கணக்கில் உட்கார இரண்டில் ஒரு தரப்பால்தான் முடியும்.

1 மே 2025

லீவு. மெரினா பக்கம் போய்வந்தேன். 1923-ல் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றியது இந்தக் கடற்கரையில்தான். அன்றைக்கே தொழிலாளி-விவசாயிக் கட்சியையும் தொடங்கினார். 1928 தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்துக்காகச் சிறைக்கும் போனார். அவருக்குச் சங்கமும் கட்சியும் ஒரே வேலையின் இரண்டு கை. நமக்கு எப்படி ஆகிவிட்டது பாருங்கள்: ஆளுக்கொரு கட்சி, கட்சிக்கொரு சங்கம். ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி., ஹெச்.எம்.எஸ்., சி.ஐ.டி.யு., தொ.மு.ச., அண்ணா தொழிற்சங்கம், பி.எம்.எஸ்... பஸ் டெப்போ வாசலில் கொடிக்கம்பங்களை எண்ணினாலே தெரியும். ஆட்சி மாறினால் டெப்போவில் யாருக்கு நல்ல டூட்டி என்பதும் மாறும்.

இருந்தாலும் அக்டோபரில் நான் எழுதிய முக்கோணத்துக்கு எதிராக ஒரு சாட்சியும் இருக்கிறது, அதையும் வைத்துவிடுகிறேன். 2023 ஏப்ரல் 21-ல் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். கூட்டணிக் கட்சிகள் வெளிநடப்பு, எல்லாச் சங்கமும் எதிர்ப்பு, அப்போதைய ஆளும்கட்சியான தி.மு.க.வின் தொ.மு.ச. உட்பட. மூன்று நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று வாபஸ். கூட்டணியில் இருந்ததால் சுங்குவார்சத்திரத்தில் கை கட்டப்பட்டது என்றால், கூட்டணியில் இருந்ததால்தான் இங்கே கை நீண்டது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு இன்னும் தெரியவில்லை.

23 நவம்பர் 2025

மத்திய அரசின் நாலு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் 21-ஆம் தேதி அமலுக்கு வந்துவிட்டன. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக இதுதான். அவசரக் குறிப்பாக எனக்குப் புரிந்தது:

வேலைநிறுத்தத்துக்கு இனி எல்லா ஆலைக்கும் 14 நாள் முன்னறிவிப்பு. சமரசப் பேச்சு நடக்கும்போதும் அது முடிந்த ஏழு நாளுக்கும் வேலைநிறுத்தம் கூடாது. நோட்டீஸ் கொடுத்ததும் அதிகாரி முதல் கூட்டத்தைக் கூட்டிவிட்டால் 14 நாள் முடிவதற்குள் கதவு சாத்தியாகிவிடும். பாதிப் பேர் சேர்ந்து கேஷுவல் லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தம். ஆட்குறைப்புக்கும் ஆலை மூடுவதற்கும் அரசு அனுமதி வேண்டும் என்பது 100 பேர் இருந்த ஆலைக்கு இருந்தது, இப்போது 300. காண்ட்ராக்ட் சட்டம் 20 பேருக்கு இருந்தது, இப்போது 50.

நூறு வருடமாகக் கேட்ட அங்கீகாரமும் இதே தொகுப்பில்தான் வருகிறது. 51 சதவீதம் காட்டினால் அந்தச் சங்கம்தான் பேச்சுவார்த்தைச் சங்கம். கையைக் கட்டிவிட்டு நாற்காலி போடுகிறார்கள்.

14 டிசம்பர் 2025

காண்ட்ராக்ட் ஆட்களைப் பற்றி அதிகம் பேசுகிறாயே, உன் சங்கத்தில் என்ன செய்தாய் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

தமிழ்நாட்டில் 1981-ல் ஒரு சட்டம் இருக்கிறது. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரம். சட்டம் கேட்டால் யாருக்கும் கண்ணீர் வரும், அவ்வளவு நல்ல சட்டம். நடப்பில் காண்ட்ராக்டர் பெயர் மாறும், ஆள் அதேதான். நடுவில் ஒரு பிரேக் கொடுப்பார்கள். டிரெய்னி என்று பெயர் மாற்றுவார்கள். எங்கள் ஆலையில் எத்தனை சாம்பல் சட்டைகள் 480-ஐத் தாண்டியவர்கள் என்று கணக்கெடுக்கலாம் என்று கமிட்டியில் கேட்டேன். ‘செட்டில்மென்ட் முடியட்டும்’ என்றார்கள். முடிந்தது. ‘அடுத்த செட்டில்மென்ட் வரட்டும்’ என்கிறார்கள்.

எங்கள் விதிமுறைப் புத்தகத்தில் உறுப்பினர் என்றால் ‘நிரந்தரத் தொழிலாளர்’ என்று இருக்கிறது. அந்த ‘நிரந்தர’-வை எடுக்கச் சொல்லி பொதுக்குழுவுக்குத் தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். புதுச் சட்டம் இதில் ஒரு முட்டுக்கட்டை வைத்திருக்கிறது. 51 சதவீதத்தை எண்ணுவது ஆலையின் சொந்த வருகைப் பதிவேட்டில் இருப்பவர்களை வைத்து. காண்ட்ராக்டர் பதிவேட்டில் இருப்பவர் எங்கள் சங்கத்தில் சேர்ந்தாலும் அந்தக் கணக்கில் வர மாட்டார். ‘அவர்களைச் சேர்த்தால் நமக்கு எண்ணிக்கை கூடப்போவதில்லை, நிர்வாகத்தின் கோபம்தான் கூடும்’ என்று எங்கள் செயலாளர் சொல்கிறார். சட்டத்தை அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

16 டிசம்பர் 2025

முதலில் ஹெச்.ஆர். என்று ஆரம்பித்து வைத்த நண்பர் மறுபடியும் வந்திருக்கிறார், வரவேற்கிறேன். ‘காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் சேர்த்துக் கேட்டால் உங்கள் உயர்வு குறையாதா?’ என்கிறார்.

குறையும். நிர்வாகம் செட்டில்மென்ட்டுக்கு ஒதுக்குகிற மொத்தத் தொகை தானாக ஏறப்போவதில்லை. நிரந்தர ஆளுக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ கம்மியாக வரலாம். லாபத்திலிருந்து பிடுங்கலாம் என்று நான் மேடையில் பேசலாம், ஆனால் அதற்கு சாம்பல் சட்டையும் நீலச் சட்டையும் ஒரே நாளில் மெஷினை நிறுத்த வேண்டும். அது வரைக்கும் இந்த ஆயிரம் ரூபாயை மறைக்காமல் சொல்லித்தான் ஓட்டுக் கேட்க வேண்டும். பொதுக்குழு ஜனவரியில். என் கணக்கில் இப்போதைக்கு பிரஸ் ஷாப் பாதி ஆதரவு, அசெம்பிளி சந்தேகம், டூல் ரூம் மொத்தமும் எதிர்ப்பு. டூல் ரூமில் காண்ட்ராக்ட் ஆட்களே கிடையாது.